வில்லன் மேல் வரும் பிரியம்: துரியோதனனை மேடைக்கு எழுதுவது எப்படி?

ராயவேலூர்:

சூப்பர்ஹீரோ கதையில் முதல் காட்சியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. அடி வாங்குவான், எழுந்து நிற்பான், ஊரைக் காப்பாற்றுவான். இவனுக்கு என்ன ஆகுமோ என்கிற பதைப்பு வருவதில்லை. வில்லன் உள்ளே நுழைந்ததும்தான் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கறை படிந்த நாயகர்களுக்கும் இது பொருந்தும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்திலும் அதேதான். பாரதக் கூத்துக்கு வருகிற கூட்டம் தருமர் வேஷத்துக்காகக் கண் விழிப்பதில்லை. துரியோதனன் எப்போது வருவான், கர்ணன் எப்போது வருவான் என்று காத்திருக்கிறது.

இப்போது கேள்வி. 40 நிமிட மேடை நாடகம், ஏழு பேர், நடுவில் துரியோதனன். கூத்துப் பாணியை எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். இவனைப் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்க வைப்பது எது? இப்படிப்பட்ட நாடகங்கள் எந்த இடத்தில் சறுக்குகின்றன? கூத்து தெரிந்தவர்கள், காமிக்ஸ் தெரிந்தவர்கள் ரெண்டு பேரும் சொல்லுங்கள்.

இரும்புக்கை:

காமிக்ஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு வில்லன் மேல் பிரியம் புதிதே இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. 1962-ல் பிரிட்டனில் அவன் தோன்றியபோது நல்லவன் கிடையாது. ஆய்வுக்கூட விபத்தில் உடம்பு மறைந்துபோகிற சக்தி கிடைத்ததும் அதைக் குற்றத்துக்குத்தான் பயன்படுத்தினான். திருந்தி உளவாளி ஆனதெல்லாம் பிறகு. அதே பிரிட்டிஷ் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் இன்னும் ஒரு படி மேல். 1965-ல் அவன் கிளம்பியதே குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகத்தான். பூட்டு உடைக்க ஆர்டினி, கருவி செய்து தர புரொபசர் பெல்ஹாம் என்று ஆள் சேர்த்துக்கொண்டான். 1984-ல் லயன் காமிக்ஸில் தமிழுக்கு வந்ததும் நம் பையன்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க சூப்பர்ஹீரோ சப்பென்று போனதற்கு எழுத்தில் இருக்கிற காரணமே உண்டு. 1954-ல் அங்கே பதிப்பாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பு போட்டார்கள். குற்றவாளி மேல் இரக்கம் வரும்படி எழுதக் கூடாது, எல்லாக் கதையிலும் நன்மையே ஜெயிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கதாசிரியன் கையைக் கட்டிப் போட்டுவிட்டு நல்ல கதை கேட்டால் எங்கிருந்து வரும்? ஜோக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் அறிமுகமான அதே இதழில் அவன் சாக வேண்டியது. ஆசிரியர் தலையிட்டு, உயிர் இருக்கிறது என்று கடைசியில் ஒரு கட்டம் சேர்க்க வைத்ததால் பிழைத்தான்.

எழுதுகிறவர்கள் மாயாவியிடம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான். கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்போதும் அந்த உலோகக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். சக்திக்கு விலை, கெடு, மறைக்க முடியாத அடையாளம் மூன்றும் இருப்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் மாட்டிக்கொள்வானோ என்று நெஞ்சு அடிக்கிறது. உங்கள் துரியோதனனுக்கு அந்தக் கை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தொடை என்று எல்லோரும் சொல்வார்கள். தொடை உடம்பில் இருக்கிற பலவீனம். அவன் குணத்தில் எது?

முகவீணை:

இரும்புக்கை அண்ணன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். கூத்தில் அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் வசனத்தில் தேடினால் கிடைக்காது. திரைப் பிரவேசத்தில் இருக்கிறது.

ரெண்டு பேர் ஒரு துணியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது. கீழே சலங்கைக் கால் தரையை உதைக்கிற சத்தம். ஆள் தெரியவில்லை, குரல் வருகிறது. தன்னைப் பற்றியே படர்க்கையில் பாடுகிறான்: துரியோதன மகராஜன் வந்தான் என்று. கட்டியங்காரன், அதாவது வேஷங்களை அறிவிக்கிற கோமாளி, யார் வருவது என்று கேட்டுக் கேட்டு ஏற்றிவிடுகிறான். பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாட, முகவீணை என்கிற சின்ன ஊதுகருவி மேல் ஸ்தாயியில் ஏற, துணி விலகுகிறது. ஆள் களரியை, அதாவது ஆடுகிற இடத்தை, சுற்றி வந்து கிறுக்கி அடித்துச் சுழல்கிறான். பாவாடை குடையாய் விரிகிறது. இதற்கே பத்துப் பதினைந்து நிமிஷம் போகும்.

இப்படி ஒருவன் நுழைந்த பிறகு அவனை அற்பமாக நினைக்க முடியுமா? அவன் குணத்தின் இரும்புக்கை இதுதான்: யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்திரப்பிரஸ்தத்து மண்டபத்தில் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை அவனால் விழுங்க முடியவில்லை. திரைக்கு முன்னால் தன்னையே இவ்வளவு பாடுகிறவன்தான் ஒரு சிரிப்பில் உடைவான்.

40 நிமிட நாடகத்தில் திரைவரவுக்கு 4 நிமிஷம் கொடுங்கள். 3-க்குக் கீழே போனால் கூட்டம் நிமிர நேரம் இருக்காது. 6-ஐத் தாண்டினால் மற்றதற்கு இடம் இருக்காது. துணியை நெஞ்சு உயரத்துக்கு இறக்க வேண்டாம். கிரீடம் ஒரு சாண் தெரிந்தால் போதும். பிடிக்கிற ரெண்டு பேரும் தாளத்துக்குத் துணியை லேசாக ஆட்ட வேண்டும். விறைத்துப் பிடித்தால் ஆஸ்பத்திரித் தடுப்பு மாதிரி இருக்கும்.

விளக்கு விஷயத்தில்தான் நகரத்து மேடைகள் கெடுக்கின்றன. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, தங்க நிறக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. தீவட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்காக உண்டானது. ஆள் திரும்பும்போதெல்லாம் துண்டு துண்டாக மின்ன வேண்டும். நேர் எதிரிலிருந்து வெள்ளை எல்இடி அடித்தால் எல்லாம் தட்டையாகித் தகரம் மாதிரி தெரியும். பக்கவாட்டில் ரெண்டு மஞ்சள் விளக்கு, தலைக்கு மேல் ஒன்று. எதிர் விளக்கைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள்.

செய்யாற்றுக்கரை:

முகவீணை சொன்னதோடு வேஷத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துரியோதனனுக்கு முகம் சிவப்பு. ஜமாவுக்கு ஜமா, அதாவது குழுவுக்குக் குழு, கோடுகளும் பொட்டுகளும் மாறும். ஆனால் யாரும் அவனை அசிங்கமாக எழுதுவதில்லை. தழும்பு கிடையாது, கோணல் வாய் கிடையாது. கர்ணனுக்கும் அர்ச்சுனனுக்கும் கட்டை ஆபரணம் என்றால் இவனுக்கும் கட்டை ஆபரணம்தான். ராஜா என்றால் ராஜா. கெட்டவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற சௌகரியத்தைக் கூத்து தருவதில்லை. எனக்குக் கூத்தில் மிகவும் பிடித்த நேர்மை இது.

முகம் எழுதும் வரிசை: தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட வேண்டும். அடிப்படைச் சிவப்பு, நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே கனத்தில். அது படிந்த பிறகு புருவமும் கண் கோடும் கறுப்பில். பிறகு மீசை. கடைசியாக வெள்ளைப் பொட்டுகள், ஈர்க்குச்சி நுனியால், புருவத்துக்கு மேலும் கன்னத்து ஓரத்திலும். பொட்டை முதலில் வைத்தால் சிவப்பு இழுத்துக்கொண்டு இளஞ்சிவப்பாகக் கலங்கும். எண்ணெய் அதிகமானால் விளக்குச் சூட்டில் மீசை தாடைக்கு இறங்கும். பழகாத கைக்கு ஒரு முகத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆபரணம் கட்ட இன்னும் அரை மணி.

பழைய முறை என்று செந்தூரமும் அரிதாரமும் தேட வேண்டாம். செந்தூரம் ஈயம் சேர்ந்தது, அரிதாரம் ஆர்செனிக் சேர்ந்த கனிமம். தோலுக்கென்றே விற்கிற மேக்கப் நிறங்கள் போதும்.

புஜக்கட்டையைக் கயிற்றால் இறுக்கும்போது நடிகர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். கையைத் தொங்கவிட்டபடி கட்டினால் கதாயுதத்தைத் தூக்குகிற இடத்தில் கயிறு அறுக்கும்.

ராயவேலூர்:

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். துரியோதனன் பக்கத்து நியாயத்தை முழுசாகச் சொல்ல நினைத்திருந்தேன். அப்பாவுக்குக் கண் இல்லை என்பதால் கை மாறிப்போன நாடு, பீமனிடம் சின்ன வயதில் பட்ட அடி, மண்டபத்துச் சிரிப்பு. இதற்கே 15 நிமிஷம். திரௌபதியின் துகிலுரிகிற காட்சியை மட்டும் ஒருவர் வந்து சொல்வதாகச் சுருக்கிவிட்டால் அவன் மேல் வெறுப்பு வராது இல்லையா?

படுகளம்:

தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. அந்த இடத்தைச் சுருக்கினால் நாடகமே போச்சு.

கூத்து எந்த வாசலில் நடக்குது? திரௌபதி அம்மன் வாசலில். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்றார், ராத்திரி கூத்து. சனம் உட்கார்ந்திருக்கிறது அவள் முற்றத்தில். அவள் முற்றத்தில் உட்கார்ந்துதான் துரியோதனன் வேஷத்தை ரசிக்குது. இதில் முரண்பாடே இல்லை. அவள் பட்டது கண் முன்னாடி முழுசாக நடக்கிறதால்தான் அவனை ரசிக்க மனசு துணியுது. மறைச்சீங்கன்னா, இவங்க ஏதோ பூசி மெழுகுறாங்கன்னு கூட்டம் உடனே மோப்பம் பிடிச்சிடும்.

துகில் நடக்கிற ராத்திரியைக் கவனிச்சுப் பாருங்க. புடவையில் கை வைக்கிறதுக்கு முன்னாடி துச்சாதனன் வேஷக்காரர் நின்னுடுவார். கற்பூரம் ஏத்துவாங்க. வேஷக்காரர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். அதுக்கப்புறம்தான் காட்சி. கூட்டத்தில் சாமி வந்து ஆடுறவங்களும் உண்டு. கெட்டதைச் செய்து காட்டுறதே எவ்வளவு பாரமான வேலைன்னு கூத்துக்குத் தெரியும்.

அந்தச் சபையில் அவள் கேட்கிற கேள்வியை வெட்டிடாதீங்க. தன்னையே வச்சுத் தோத்தவருக்கு என்னை வச்சு ஆட உரிமை ஏது? பீஷ்மருக்கே பதில் வரலை. அந்த மௌனத்தில் துரியோதனன் தொடையைத் தட்டிக் காட்டுறான். அங்கேதான் அவன் விதி எழுதப்படுது. உங்க 40 நிமிஷத்தில் இதுக்குக் குறைஞ்சது 9 நிமிஷம் வேணும். நியாயம் சொல்ற 15 நிமிஷத்தை 5 ஆக்குங்க. பாண்டு, திருதராட்டிரன் கதை நம்ம சனத்துக்குத் தெரியும். மண்டபத்துச் சிரிப்பு ஒண்ணு போதும், அதை மட்டும் நல்லா எழுதுங்க.

எதிரில் நிக்கிறவளைச் சின்னதாக்கி அவனைப் பெரிசாக்க முடியாது. அவள் முழு உயரத்துக்கு நின்னால்தான் அவனும் நிப்பான்.

ஒடுகத்தூர் மலை:

படுகளம் ஐயா சொன்னதற்குக் கர்ணனை வைத்து ஒன்று சேர்க்கிறேன். ஏழு பேரில் ஒருவர் கண்டிப்பாகக் கர்ணனாக இருப்பார் இல்லையா.

கர்ணனைக் கெடுப்பது அழுகை. தாய் கைவிட்டாள், குலம் கேட்டு அவமானப்படுத்தினார்கள், கொடுத்துக் கொடுத்தே செத்தான் என்று பாவமாக மட்டும் எழுதிவிடுகிறார்கள். அதே சபையில் அவனும் இருந்தான். கௌரவர்களிலேயே ஒருவன், விகர்ணன், எழுந்து இது தப்பு என்று சொன்னான். அவனை அடக்கி உட்கார வைத்தது கர்ணன். அபிமன்யு தனியாக மாட்டிக்கொண்டபோது சூழ்ந்தவர்களிலும் கர்ணன் இருந்தான். கொடை வள்ளல் என்பது எவ்வளவு நிஜமோ இதுவும் அவ்வளவு நிஜம்.

ரெண்டையும் ஒட்ட வைக்கிற பசை நன்றி. அங்க நாட்டைக் கொடுத்தவனிடம் இவனால் இல்லை என்று சொல்ல முடியாது. வில்லிபாரதத்தில் வருகிற மேகலைக் கதை எல்லோருக்கும் தெரியும். கர்ணன் துரியோதனன் மனைவியோடு சொக்கட்டான் ஆடும்போது அவள் இடுப்பு மேகலை அறுந்து மணி சிதற, உள்ளே வந்த துரியோதனன் எடுக்கவோ, கோக்கவோ என்று கேட்டான். அந்த ஒரு சொல்லுக்காக உயிரைக் கொடுக்கலாம் என்று கர்ணன் நினைப்பதில் குற்றமே இல்லை. உயிரோடு சேர்த்து நியாயத்தையும் கொடுத்துவிட்டான், அதுதான் கோளாறு. நல்ல குணம் எந்த வேரிலிருந்து வருகிறதோ அதே வேரிலிருந்து தப்பும் வர வேண்டும். நல்ல குணம் ஒரு பெட்டி, கெட்ட குணம் தனிப் பெட்டி என்று எழுதினால் பாத்திரம் ரெண்டு ஆளாகப் பிளந்துவிடும்.

இன்னொன்று: மேகலைக் கதையைச் சபைக்கு முன்னாடி வையுங்கள், பின்னாடி வேண்டாம். முதலில் ஒரு பெண் விஷயத்தில் சந்தேகமே படாத பெரிய மனசு. அடுத்த காட்சியில் இன்னொரு பெண்ணை மயிரைப் பிடித்து இழுத்து வரச் சொல்கிற அதே வாய். வரிசை மாறினால் மேகலை, தப்புக்குச் சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

பொன்னுருவியைச் சேர்க்க இடம் இருந்தால் 3 நிமிஷம். கர்ண மோட்சம் கூத்தில் கட்டிய மனைவியே அவன் பிறப்பை இழிவாக நினைத்து ஒதுக்குகிறாள். இடம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இரும்புக்கை:

ஒடுகத்தூர் சொன்ன வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

திரைவரவு 4, மண்டபத்துச் சிரிப்பு 5, மேகலை 4, சபை 9, அங்கிருந்து நேராகப் பதினெட்டாம் நாள். தம்பிகள் ஒருவரும் இல்லாமல் தனியாக நிற்பது 5, பீமனோடு சண்டை 5, விழுந்த பிறகு 6. மொத்தம் 38. மீதி 2 நிமிஷம் கட்டியங்காரனுக்கு. பொன்னுருவிக்கு இடம் இல்லை. நடுவில் 17 நாள் போரைக் காட்ட முயல வேண்டாம், கட்டியங்காரன் விழுந்தவர்கள் பேரை மட்டும் வரிசையாகச் சொன்னால் போதும். பாட்டும் அடவும் இருப்பதால் வசனம் 2000 சொல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடிகர்கள் ஓட்டமாக ஓட்டுவார்கள், முதலில் பலியாவது சபை மௌனம்தான்.

தனியாக நிற்கிற 5 நிமிஷத்தில் அவனைத் திருந்த விடாதீர்கள். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வரி வந்தால் அதுவரை கட்டியது சரியும். யாரும் பார்க்காத இடத்தில் அவன் நிற்பது அதுதான் முதல் தடவை. முகவீணை சொன்ன குணத்துக்கு அந்தத் தனிமையே தண்டனை. திரைவரவில் பாடிய அதே வரியைப் பின்பாட்டு இல்லாமல், தாளம் இல்லாமல், ஒற்றைக் குரலில் பாதி வரை பாடி நிறுத்தட்டும்.

முகவீணை:

அந்த இடத்தில் ஆர்மோனியக்காரரையும் சுருதியை நிறுத்தச் சொல்லுங்கள். பழக்கத்தில் கை தானாகப் பெட்டியை அழுத்தும். ஒத்திகையிலேயே பழக்க வேண்டும்.

ராயவேலூர்:

கணக்கு பிரமாதம். சபையை முழுசாக வைக்கிறேன், படுகளம் ஐயா. கடைசி 6 நிமிஷம்தான் பாக்கி. துரியோதனன் விழுகிற படுகளச் சடங்கை மேடையில் செய்ய முடியுமா?

படுகளம்:

ஊரில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைக்கிற அளவுக்கு மேடையில் முடியாது. அங்கே 30, 40 அடி நீளம் கூட வரும். மல்லாக்கப் படுத்த உருவம், கிரீடம், மீசை, கையில் கதை. காலையில் பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உருவத்தைச் சுத்திச் சுத்தி ஓடிச் சண்டை போடுவாங்க. தொடையில் சிவப்புத் தண்ணி வச்சிருக்கும். பீமன் அடிச்சதும் அது உடையும், திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

மேடைக்குத் தொடை மட்டும் செய்யுங்க. 4 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம். ஏரி வண்டல் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, அரை பங்கு பொடியாக நறுக்கின வைக்கோல். வெறும் களிமண் ராத்திரிக்குள் வெடிச்சிடும். பலகை மேல் தார்ப்பாய் விரிச்சு அதில் கட்டுங்க, முதல் நாள் சாயங்காலம் செஞ்சு ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்க.

நடுவில் குழி விட்டு மெல்லிசான மண்சட்டி ஒண்ணு. தண்ணி 1 லிட்டர், மஞ்சள்தூள் ரெண்டு டீஸ்பூன், சுண்ணாம்பு அரை டீஸ்பூன். ஆரத்தித் தண்ணிதான். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறும். நிறம் பத்தலைன்னா சுண்ணாம்பை ஏத்தாதீங்க, கண்ணில் தெறிச்சால் எரியும். குங்குமம் ஒரு சிட்டிகை சேருங்க. சட்டி வாயை ஒரு காகிதத்தால் மூடி அது மேல் ஒரு விரல் கனம் மண் பூசணும். ரெண்டு விரல் ஆச்சுன்னா மரக்கதை பட்டுத் திரும்பி வரும், பீமன் மூணு தடவை அடிப்பார், கூட்டம் சிரிச்சிடும். சட்டி இருக்கிற இடத்தில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு வச்சு அடையாளம் காட்டுங்க.

அதுக்கப்புறம் பெருந்திருவாளைக் கொண்டு வாங்க. அவன் பெண்சாதி. மண்ணில் விழுந்து ஒப்பாரி வைக்கட்டும். திரௌபதி கூந்தலை முடிஞ்சுகிட்டு ஒரு பக்கம் நிக்கிறாள், இவள் தலையை விரிச்சுக்கிட்டு இந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மேடையில் இருக்கணும்.

ராயவேலூர்:

ஒப்பாரி எத்தனை நிமிஷம் தாங்கும்? பின்பாட்டு வேண்டுமா?

முகவீணை:

மூணு நிமிஷம். பின்பாட்டு வேண்டாம், முகவீணை மட்டும் அவள் குரலுக்குக் கீழே. துரியோதனன் வேஷக்காரர் உள்ளே போய்விடாமல் தொடைக்குப் பக்கத்திலேயே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருக்கட்டும். முகத்துச் சிவப்பைத் துடைக்க வேண்டாம்.